மங்களம் பாடாத நாடகம்

பங்குனியின் பின்பாதி புதுக்கோட்டைச் சீமைக்கு ஒரு தவக்காலம். கண்மாய்கள் நீரிழந்து, அடிமண் பாளம் பாளமாக வெடித்துக் கிடக்கும். செம்மண் வெளியில் பகலெல்லாம் கானல் நடக்கும். அந்த வறட்சியின் நடுவே இலுப்பை மட்டும் தன் இலைகளைத் துறந்துவிட்டுப் பூத்து நிற்கும். விருந்து சமைத்து வைத்துவிட்டு, வருவார் இல்லாமல் வாசலையே பார்த்திருக்கும் வீட்டைப்போல, அம்மரம் இரவு முழுவதும் தித்திக்கும் பூக்களைத் தரையில் உதிர்த்துக்கொண்டே இருக்கும். யாருக்கு என்று அது சொல்வதில்லை.

அத்தகைய ஒரு பங்குனியில், 1961ஆம் ஆண்டில் நடந்தது இது. இட்டுக்கட்டியது அன்று. பொன்னுத்தாய் தன் வாயால் சொன்னது. சொன்னபோது அவள் முன் ஒரு விளக்கு எரிந்துகொண்டிருந்தது. விளக்கின் முன் பொய் சொல்லும் வழக்கம் அவளுக்கு இல்லை. நம்ப விரும்பாதவர் நம்ப வேண்டாம். ஆனால் வீட்டில் காலி நாற்காலி ஏதேனும் இருந்தால், அதற்கு முதுகு காட்டி அமர்ந்து இதைப் படிக்க வேண்டாம்.

பொன்னுத்தாய் நாடக மேடையில் ஸ்திரீபார்ட், கதாநாயகி வேஷக்காரி. வயது முப்பத்து நான்கு. கந்தர்வக்கோட்டை முதல் மீமிசல் வரை அவள் குரல் எட்டாத கொட்டகை இல்லை. ஒலிபெருக்கி பழுதானால், “அது கெடக்கட்டும், தூக்கி ஓரமா வையி” என்று சொல்லிவிட்டுப் பாடுகிறவள். அவளுக்கு இருந்த சொத்து அந்தக் குரல் ஒன்றுதான். ஆண்டவனுக்கு அவள் சாத்திய மாலையும் அதுவே.

குழுவுக்குப் பாட்டு எழுதியவர் ரெங்கராஜ் வாத்தியார். முந்தைய ஆண்டு சென்னைக்குப் போயிருந்தபோது, பிறநாட்டுப் படங்களைக் கூடிப் பார்க்கும் ஒரு சங்கத்தில் அவர் ஒரு படம் பார்த்தார். பாஷை புரியவில்லை. பாஷை புரிந்தவர்களுக்கும் கதை புரியவில்லை. கனவைப் பிடித்துப் படச்சுருளில் ஒட்டியது போன்ற படம். ஒரு வீட்டுத் தலைவி விருந்து வைக்கிறாள். காலி நாற்காலிகளை வரிசையாகப் போட்டு, ஒவ்வொன்றின் முன்னும் நின்று பேர் சொல்லி அழைக்கிறாள். யாரும் வருவதில்லை. ஆனால் தட்டுகளில் உணவு குறைகிறது. கடிகாரத்திலிருந்து மணல் கொட்டுகிறது. அவளுடைய நிழல் தனியே எழுந்து பரிமாறுகிறது. திடீரென்று படம் இருண்டுவிடுகிறது. முடிவு என்று ஒன்று கிடையாது.

மூன்று நாள் வாத்தியாருக்கு உறக்கம் இல்லை. ஊர் திரும்பியதும் அதை அப்படியே இசை நாடகமாக்கினார். வசனமே இல்லை. முதலிலிருந்து கடைசிவரை பாட்டு. உணவுத் தட்டுக்குப் பதில் தாம்பூலத் தட்டு. ‘வாராத விருந்து’ என்று பேர் வைத்தார். படத்தில் முடிவு இல்லை என்பதால் நாடகத்திலும் மங்களம் கிடையாது என்று சொல்லிவிட்டார்.

நம் பக்கத்து மேடைக்கு ஒரு நியதி உண்டு. வேஷக்காரர் எவரும் படுதாவுக்குப் பின்னால் நின்று முதலில் பாடிவிட்டுத்தான் வெளியே வருவார். அந்தக் குரல்தான் அவருக்கு வாசல். அதுபோலவே கடைசியில் மங்களம் பாடியாக வேண்டும். பாட்டால் அழைத்து வந்த தேவரும் அரசரும் அரக்கரும் அந்த மங்களத்தைக் கேட்டுத்தான் விடைபெறுகிறார்கள். அதன்பிறகே அரிதாரத்தைக் கலைக்கலாம்.

ஆர்மோனியக்காரர் மீரா சாகிபுவுக்கு இது பொறுக்கவில்லை. மீமிசல்காரர், ஐந்து வேளை தொழுகிறவர்.

“மங்களம் இல்லாமலா? வாசலத் தெறந்து போட்டுட்டுத் தூங்கப் போற மாதிரி இருக்கு தாயி. முப்பது வருசமா மங்களம் வாசிக்காம நான் பொட்டிய மூடுனதில்ல.”

“படத்துலயே முடிவு இல்லையாம் பாய். நாம மட்டும் எதுக்கு முடிச்சு வைக்கணும்? புதுசுன்னா முழுசாப் புதுசா இருக்கட்டும்.”

வேறொரு குழுவின் ராஜபார்ட் பழனிச்சாமி, கடைவீதியில் நாலு பேர் கேட்கச் சொன்னான்: “பேய்க்குப் பந்தி வைக்கிற நாடகமாம்ல? பாப்போம், எத்தன நாளைக்கு இவ தொண்ட நிக்கிதுன்னு.”

“என் தொண்ட நிக்கும். மொதல்ல ஒன் மீசைய நிக்கச் சொல்லு. முந்தாநாளு மேடையில பாதி பாட்டுல தாடைக்கு எறங்கிருச்சாமே!”

கடைவீதியே சிரித்தது. அப்படிப்பட்டவள் அவள். செய்யாதே என்று சொன்னால் செய்வாள்.

திருமயத்துக்குத் தெற்கே, கோட்டைப் பாறை கண்ணுக்குத் தெரியும் தூரத்தில், இலுப்பைத் தோப்பை ஒட்டி ஒரு கீற்றுக் கொட்டகை. பங்குனி முழுவதற்கும் குழு அதைப் பேசி வைத்திருந்தது. ஒத்திகையும் அங்கேதான். வாத்தியார் புதுக்கோட்டையிலிருந்து பஸ்ஸில் வந்து பாட்டுச் சொல்லிக் கொடுப்பார். பங்குனி 18ஆம் தேதி, காய்ச்சல் என்று சொல்லியனுப்பிவிட்டார்.

பங்குனி 20. பகல் 12.20. மற்றவர்கள் சாப்பிடப் போயிருந்தார்கள். பொன்னுத்தாய் மேடையில் தனியே நின்று, நாற்காலிக்கு ஒன்றாக அமைந்த பாட்டுகளை வரிசையாகப் பாடிப் பார்த்துக்கொண்டிருந்தாள். ஆறாவது பாட்டு முடிந்தது. படுதாவுக்குப் பின்னாலிருந்து ஒரு குரல்.

“ஏழாவது பாட்டு. கேட்டுக்க.”

கரகரத்த குரல். காய்ச்சல் குரல் என்று அவள் நினைத்தாள்.

“வாத்தியாரே? ஒடம்புக்கு முடியாம ஏன் வந்தீங்க?”

பாட்டு தொடங்கியது.

பேரில்லா விருந்தே வாரும் – என்றன்
பின்வாசல் வழியாக வாரும்;
ஊரில்லா உறவே வாரும் – இந்த
ஒருத்தியின் குரலுண்ண வாரும்.

மூன்று முறை பாடிக் காட்டியது. மூன்றாம் முறை அவளும் சேர்ந்து பாடினாள். மற்ற பாட்டுகளில் விருந்தாளிக்குப் பேர் உண்டு, இதில் இல்லை. வாத்தியாருக்கே உரிய கிறுக்கு என்று எண்ணிப் படுதாவை விலக்கினாள்.

யாரும் இல்லை. பின்புறத் தட்டிக் கதவு திறந்து கிடந்தது. பஸ்ஸைப் பிடிக்க ஓடிவிட்டார் போலும்... அவ்வளவுதான் நினைத்தாள்.

மாலையில் மீரா சாகிபு அந்தப் பாட்டைக் கேட்டார். இரண்டு தடவையில் விரலுக்குக் கொண்டுவந்தார். “நல்ல மெட்டுத்தான். ஆனா வாசிச்சா கையி சில்லுனு இருக்கு தாயி” என்றார்.

அதையும் அவள் சிரித்துத் தள்ளினாள்.

பங்குனி 28 அரங்கேற்றம். மறுநாளும் அங்கேயே ஆட்டம். சுற்றுப்பட்டு ஊர்கள் எல்லாம் வண்டி கட்டிக்கொண்டு வந்திருந்தன. பழனிச்சாமியும் முன்வரிசையில் வந்து அமர்ந்திருந்தான். இரவு 9.30க்குப் படுதா ஏறியது. பெட்ரோமாக்ஸ் வெளிச்சத்தில் நாற்காலிகள் வரிசையாக நின்றன. ஏழு நாற்காலிகள். ஏழு தாம்பூலத் தட்டுகள்.

பாடப் பாடக் கொட்டகை வசப்பட்டது. வராதவர்களை அவள் அழைத்த அழைப்பில் முன்வரிசைப் பெண்கள் கண்ணைத் துடைத்துக்கொண்டார்கள். 12.50க்கு ஏழாவது நாற்காலியின் முன் வந்து நின்றாள். பாடினாள். கடைசி வரியில் குரலை நீட்டி நிறுத்தினாள்.

படுதாவுக்குப் பின்னாலிருந்து பதில் வந்தது.

சொல் இல்லை. வெறும் ஆலாபனை. ஆண்குரல். வேஷக்காரர் உள்ளே வரும் முன் பாடும் அதே தோரணை.

மீரா சாகிபு அவளைப் பார்த்தார். அவள் அவரைப் பார்த்தாள். சபையோ, நாடகத்தில் உள்ளது என்று எண்ணிக் கைதட்டியது.

பாடியவர் வெளியே வரவில்லை.

1.15க்கு, மங்களம் இன்றிப் படுதா இறங்கியது. கூட்டம் எழவில்லை. மங்களம் கேட்காமல் எழுந்து பழகாத மக்கள். எப்படிப் போவது என்றே தெரியாதவர்கள்போல இருந்த இடத்தில் இருந்தார்கள். ஏறக்குறைய பத்து நிமிடம். பிறகு யாரோ, “முடிஞ்சிருச்சாப்பா? வீட்டுக்குப் போலாமா?” என்று கேட்க, சிரிப்பு எழுந்து கூட்டம் கலைந்தது.

ஆண்கள் காற்றுக்காகக் கண்மாய்க் கரைக்குப் படுக்கப் போய்விட்டார்கள். வேஷம் கட்டும் அறையில் பொன்னுத்தாயும், அவளுக்கு ஒப்பனை செய்யும் அழகியும் மட்டும். அழகி பாயில் சாய்ந்ததும் குறட்டை விட்டாள். தட்டுகளை எடுத்து வைக்கப் பொன்னுத்தாய் அரிக்கேன் விளக்கோடு மேடைக்குப் போனாள்.

ஆறு தட்டுகளில் வெற்றிலை அப்படியே இருந்தது. ஏழாவதில் இல்லை.

எவனோ எடுத்துப் போட்டுக்கொண்டான் என்று குனிந்தவள், நாற்காலிக் கையைப் பார்த்தாள். வெற்றிலை போடுகிறவர் விரலில் மிஞ்சிய சுண்ணாம்பைத் துடைப்பாரே... அந்தத் தடம். வெள்ளையாக. தொட்டாள்.

ஈரம்.

தொட்ட விரலை முந்தானையில் துடைத்தபடி அறைக்குத் திரும்பிப் படுத்தாள். தலைமாட்டில் அழகியின் டைம்பீஸ். மணி 2.05.

2.10. மேடையில் நாற்காலி ஒன்று இழுபடும் ஓசை. கர்ர்ர்...

2.14. பாட்டு.

அவளுடைய முதல் பாட்டு. அவள் பாடிய அதே நெளிவு, அதே மூச்சு. குரல் மட்டும் அந்தக் கரகரத்த குரல்.

பழனிச்சாமி ஆள் வைத்துச் செய்கிற வேலை என்று அவளுக்குக் கோபம் வந்தது. “யார்றா அவன்?” என்று எழுந்து அமர்ந்தாள். பாட்டு முடிந்தது. பதிலுக்கு அதே பாட்டைப் பாடி அவனைக் கேலி செய்ய வாயைத் திறந்தாள்.

காற்றுதான் வந்தது.

சொல் நினைவிருந்தது. மெட்டு நினைவிருந்தது. ஒலி இல்லை. இரண்டாவது பாட்டை முனகிப் பார்த்தாள். வந்தது. மூன்றாவது, வந்தது. முதல் பாட்டு மட்டும், கிணற்றில் விட்ட வாளியின் கயிறு அறுந்ததுபோல், தொண்டைக்குள் போனது திரும்பவில்லை.

2.26. படுதாவுக்குப் பின்னால் இரண்டாவது பாட்டு தொடங்கியது.

முடிந்ததும் முயன்றாள். அதுவும் இல்லை.

அப்போதுதான் அவளுக்கு விளங்கியது. *இந்த ஒருத்தியின் குரலுண்ண வாரும்.* கூப்பிட்டவள் அவளே.

அழகியை உலுக்கினாள். குறட்டை நின்றது, கண் திறக்கவில்லை. கண்மாய்க் கரைக்கு ஓடலாம். ஓடினால் விடிவதற்குள் ஏழும் போய்விடும். நாளை இரவு ஆட்டம். ஊமையாக மேடையில் நிற்கும் தன்னைக் கண்டு முன்வரிசை சிரிப்பதை அவள் கண்ணால் கண்டாள். அதைவிட, இனிச் சந்நிதியில் வாய்மூடி நிற்க வேண்டும் என்பது நெஞ்சைச் சுட்டது.

2.40. மூன்றாவது.

2.53. நான்காவது.

கொண்டையை முடிந்துகொண்டு எழுந்தாள்.

3.05. ஐந்தாவது பாட்டு நடக்கும்போதே அரிக்கேனை எடுத்தாள். தன் வெற்றிலைப் பெட்டியையும் டைம்பீஸையும் எடுத்தாள். ஓடவில்லை. மேடைக்கு நடந்தாள்.

படுதா அசைந்துகொண்டிருந்தது. காற்று இல்லை.

விளக்கைக் கீழே வைத்தாள். ஏழாவது நாற்காலிக்கு எதிரே, விருந்து வைத்தவளின் இடத்தில், சம்மணமிட்டு அமர்ந்தாள்.

பாட்டு இப்போது படுதாவுக்குப் பின்னால் இல்லை.

நாற்காலியிலிருந்து வந்தது.

ஆறாவது...

இலுப்பைப் பூவின் வாடை. அழுகிய தித்திப்பு.

பேச்சுக் குரலும் பாதி போயிருந்தது. மிஞ்சிய கீச்சுக் குரலில் சொன்னாள்:

“கூப்புட்டது நாந்தேன்... இல்லேங்கல. வந்தீங்க. வெத்தல போட்டீங்க. இம்புட்டுத்தேன் விருந்து. அனுப்பி வைக்கிறதும் நாந்தேன். எந்திரிங்க!”

பாட்டு நின்றது.

ஒரு சிரிப்பு. மிக அருகில்.

3.31. ஏழாவது பாட்டு தொடங்கியது. *பேரில்லா விருந்தே...*

அவள் வாயைத் திறந்தாள். எந்தப் பாட்டும் இல்லை. தடவினாள். இருட்டறையில் தீப்பெட்டி தேடுகிறவள்போல் தன் தொண்டைக்குள் தடவினாள். ஆறும் போய், ஏழாவதும் போய்க்கொண்டிருந்தது...

ஒன்று தட்டுப்பட்டது.

அன்றிரவு அவள் பாடாமல் விட்டது. பாடாததால், எதிரே இருப்பது கேட்காதது. கேட்காததால் அதனால் எடுக்க முடியாதது.

மங்களம்.

மத்தியமாவதி ராகத்தில் எடுத்தாள்.

வந்தார்க்கு மங்களம், வாராதார்க்கும் மங்களம்,
நின்றார்க்கு மங்களம், நெடுவழி செல்வார்க்கும் மங்களம்...

குரல் உடைந்தது. நிறுத்தவில்லை. எதிரே அந்தக் குரல் உயர்ந்தது. அவளும் உயர்த்தினாள். கீற்று அதிர்ந்தது. விளக்குச் சுடர் அவள் பக்கம் சாய்ந்தது. அவள் நிமிர்ந்தே இருந்தாள்.

இரண்டாம் முறை.

மூன்றாம் முறை.

ஒரு வெற்றிலையை எடுத்துச் சுண்ணாம்பு தடவி, பாக்கு வைத்து மடித்து, போகிறவருக்கு நீட்டுவதுபோல் கையை நீட்டினாள். பாட்டை விடாமலே நீட்டினாள்.

கை லேசானது.

நாற்காலி ஒருமுறை முனகியது. யாரோ தோளால் உரசிக்கொண்டே நடப்பதுபோல் படுதா இடமிருந்து வலமாகப் புடைத்துப் புடைத்து அடங்கியது. பின்புறத் தட்டிக் கதவு திறந்தது.

மூடியது.

தோப்பில் ஒரு நாய், ஒரே ஒரு முறை குரைத்தது. மணி 3.52.

விடியும்வரை அவள் அங்கேயே அமர்ந்திருந்தாள். வெளிச்சம் வந்ததும் ஒவ்வொரு பாட்டாகப் பாடிப் பார்த்தாள். முதலாவது வந்தது. இரண்டாவது வந்தது. ஆறும் வந்தன. ஏழாவது பாட்டு மட்டும் வரவில்லை. ஒரு சொல்கூட நினைவில் இல்லை. தொழுகை முடித்து வந்த மீரா சாகிபுவிடம் அதை வாசிக்கச் சொன்னாள். அவர் கட்டைகளின் மேல் விரலை வைத்து வைத்து எடுத்தார்.

“மெட்டு போயிருச்சு தாயி. கையி மட்டும் இன்னம் சில்லுனு இருக்கு.”

அவள் முகம் கழுவிவிட்டுத் திரும்பியபோது, கொட்டகைக் காவலாள் மதுரைவீரன் மேடையைக் கூட்டிக்கொண்டிருந்தான். “ஒரு நாற்காலி கொறையிதே, எங்கிட்டு எடுத்துட்டுப் போனிய?” என்று அவனிடம் கேட்டாள்.

“கொறையிதா? நான் பள்ளிக்கூடத்துலேருந்து வாங்கியாந்ததே ஆறுதானக்கா.”

எண்ணினாள். ஆறு.

நாடகத்தை நிறுத்திவிடலாம் என்று மற்றவர்கள் சொன்னார்கள். “நிறுத்தினா அது செயிச்ச மாதிரி ஆயிரும். ஆட்டம் உண்டு” என்றாள். அன்றிரவு ஆறு நாற்காலி, ஆறு பாட்டு. கடைசியில் மங்களம். முன்வரிசையில் இருந்த பழனிச்சாமி அவள் குரலைக் கேட்டுத் தலை குனிந்து எழுந்து போனான்.

சித்திரை மூன்றாம் நாள் பொன்னுத்தாயும் மீரா சாகிபுவும் புதுக்கோட்டைக்குப் போய் வாத்தியாரைப் பார்த்தார்கள். இளைத்துக் கிடந்தார். மங்களம் சேர்த்ததை அவர்களே சொன்னார்கள். படத்தின் உயிரே போயிற்றே என்று முகம் சுளித்தார்.

“ஒங்க படம் முடியாட்டி முடியாமப் போகட்டும் வாத்தியாரே. என் நாடகம் முடியணும்.” பிறகு தயங்கிக் கேட்டாள்: “அந்த ஏழாவது பாட்டு மறந்துபோச்சு. நோட்டைக் குடுங்க, ஒரு தடவ பாத்துக்கிறேன்.”

“ஏழாவது பாட்டா?”

“ஆமா. காய்ச்சலோட வந்து, படுதாவுக்குப் பின்னாடி நின்னு சொல்லிக் குடுத்தீங்களே, இருபதாந்தேதி மத்தியானம்.”

வாத்தியார் தலையணைக்கு அடியிலிருந்து நோட்டை எடுத்து நீட்டினார். ஆறு பாட்டு. அதற்குப்பின் வெற்றுத்தாள்.

“அந்தப் படத்துலயே ஆறு நாற்காலிதாம்மா. பதினெட்டாந்தேதி படுத்தவன் நான். பத்து நாள் நெனவே இல்ல. இந்தக் கட்டில விட்டு எறங்கல.”

மீரா சாகிபு எழுந்து தெருவைப் பார்க்க நின்றுகொண்டார். அவர் வாய் மெல்ல எதையோ ஓதிக்கொண்டிருந்தது.

அதன்பின் பல ஆண்டுகள் பொன்னுத்தாய் அந்த நாடகத்தை ஆடினாள். எந்த ஊரிலும் பயந்து விட்டதில்லை. ஒரு வழக்கம் மட்டும் வைத்துக்கொண்டாள். மங்களம் முடிந்து, கூட்டம் கலைந்து, அரிதாரம் கலைத்தபின், மேடை நடுவில் ஓர் அகல் ஏற்றுவாள். மடித்த வெற்றிலை ஒன்றை அதன் அடியில் வைப்பாள். கண்மூடி, ஒலி எழாமல், தன் குரலைத் திருப்பித் தந்த ஆண்டவன் திருப்பேரை உதட்டால் மட்டும் ஒருமுறை சொல்லி, நெற்றி தரையில் படும்படி வணங்குவாள்.

அவளுக்கே மறந்துபோன அந்த ஏழாவது பாட்டு, இதை எழுதும்போது தானாக வந்து தாளில் விழுந்தது. இங்கும் ஒருவர் அழைக்கப்பட்டிருக்கிறார். ஆகவே இந்தக் கதையையும் மங்களம் இன்றித் திறந்து விடலாகாது.

சொன்னவள் வாழ்க. கேட்டவர் வாழ்க. படித்த உங்கள் இல்லத்தில் விளக்கு நிலைக்க. அழைக்கப்பட்டவர் மட்டும் வருக. வந்தவர் எல்லாரும் நலமே விடைபெறுக. மங்களம்.